கோடிக்கு ஒன்று குறைய

வீடியோ கேம்களுக்கு நகல் கேசட் செய்த பெருமக்களே, உங்கள் கொடைக்கு ஈடில்லை. ஜப்பானில் நிண்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15 அன்று ஃபேமிகாம் பெட்டியை விற்பனைக்கு வைத்தது. அதை நாகர்கோவில் வரை கொண்டுவர அவர்கள் மெனக்கெடவில்லை. நீங்கள் மெனக்கெட்டீர்கள். தொண்ணூறுகளில் கோட்டாரிலும் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் பிள்ளைகள் ‘டிவி கேம்’ என்று கொண்டாடியது பெரும்பாலும் உங்கள் நகல் பெட்டியைத்தான். வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள் ஊருக்கு வரும்போது துணிமணி, சென்ட் பாட்டிலோடு அதையும் கொண்டுவந்தார்கள். அந்தக் கருவியின் தலையாய ஆட்டங்கள் எவை என்று அன்று விளையாடியவர்களை இன்று கேளுங்கள். மரியோ, காண்ட்ரா, டேங்க், வாத்து சுடுவது என்று ஒரே பட்டியல்தான் வரும். ஒரு தலைமுறையின் ரசனையை நீங்களே வகுத்துக் கொடுத்திருக்கிறீர்கள்.

உங்கள் தாராளம் எண்ணிக்கையிலேயே தெரிந்தது. கேசட்டின் மேல் ஒட்டிய தாளில் 9999999 இன் 1 என்று அச்சிட்டிருப்பீர்கள். கோடிக்கு ஒன்று குறைய! உள்ளே ஏழெட்டு ஆட்டங்கள் இருக்கும். அவற்றையே முதல் கட்டத்திலிருந்து ஒன்று, மூன்றாம் கட்டத்திலிருந்து ஒன்று, முப்பது உயிரோடு ஒன்று எனப் பெயரை மாற்றி மாற்றி அடுக்கியிருப்பீர்கள். எந்தப் பிள்ளையும் உங்களைக் குறை சொல்லவில்லை. கடைசிப் பக்கத்தில் ஒரு புது ஆட்டம் இருக்கும் என்று நம்பி, அம்புக்குறியைக் கீழே இறக்கிக்கொண்டே பெரிய லீவு நாட்களைக் கழித்தார்கள். தேடத் தேடக் கிடைக்காத ஒன்றுக்காகப் பொறுமையோடு இருக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் நீங்கள்.

தேர்வில் நீங்கள் காட்டிய நடுநிலையை எந்த விமர்சகரும் காட்டியதில்லை. அவர்கள் கதை, இசை, புதுமை என்று ஆயிரம் பார்ப்பார்கள். உங்களுக்கு ஒரே அளவுகோல் போதும்: சிப்பில் எவ்வளவு இடம் பிடிக்கும்? கேலக்சியன் 16 கிலோபைட். நம் பிள்ளைகள் டேங்க் என்று அழைத்த பேட்டில் சிட்டி 24. சூப்பர் மரியோ பிரதர்ஸ் 40. கேசட்டுக்குள் கூடுதல் சிப் எதுவும் கேட்காத ஆட்டங்கள் இவை. அதனால் எல்லாப் பட்டியலிலும் இவற்றுக்கு முதல் மரியாதை. காண்ட்ரா போன்ற பெரிய ஆட்டங்கள் சிலவற்றுக்கும், நன்றாக விலைபோகும் என்பதால், மனமிரங்கி இடம் கொடுத்தீர்கள்.

எங்களைச் சிரமப்படுத்தும் எதையும் நீங்கள் அண்டவிடவில்லை. தி லெஜண்ட் ஆஃப் செல்டா 1987இல் அமெரிக்காவில் கேசட்டாக வந்தபோது உள்ளே ஒரு சிறு பேட்டரி இருந்தது. இன்று விட்ட இடத்திலிருந்து நாளை தொடரலாம். ஒரு காட்டையும் குகைகளையும் மாதக்கணக்கில் சுற்றலாம். அந்த பேட்டரிச் செலவை நீங்கள் மிச்சப்படுத்தினீர்கள். அதனால் கரண்ட் போனாலும், “மக்களே, டிவிய நிறுத்து” என்று அம்மா சொன்னாலும், ஆட்டம் மறுபடி முதலிலிருந்துதான். மரியோவின் எட்டு உலகங்களில் முதல் உலகத்தின் ஒவ்வொரு செங்கல்லும் எங்கள் பிள்ளைகளுக்கு மனப்பாடம். எட்டாவது உலகத்தைப் பார்த்தவர் சிலரே. ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துத் தேறும் பயிற்சியை நீங்கள்தான் தந்தீர்கள்.

1986இல் வந்த மெட்ராய்ட் உங்கள் பட்டியலில் அபூர்வம். கவசமணிந்து வேற்றுக்கிரகத்தில் போராடும் அந்த வீரர், விரைவாக ஆட்டத்தை முடிப்பவர்களுக்குக் கடைசியில் கவசத்தைக் கழற்றிக் காட்டுவார். சேமஸ் என்ற பெண் அவர். அண்ணன் எப்போது தோற்பான் என்று இரண்டாவது கன்ட்ரோலரைப் பிடித்தபடி காத்திருந்த தங்கைகள் அதைப் பார்த்திருந்தால் என்னென்ன ஆசைகள் வளர்ந்திருக்குமோ! அந்தக் கவலையையும் நீங்கள் எங்களுக்கு வைக்கவில்லை.

படைத்தவர்களின் புகழாசையையும் அடக்கினீர்கள். பல ஆட்டங்களின் முகப்பில் நிறுவனத்தின் பெயரையும் ஆண்டையும் துடைத்தெடுத்தீர்கள். மரியோவை ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் வடிவமைத்தார்கள், அதன் இசையைக் கோஜி கோண்டோ அமைத்தார் என்பது எங்களுக்குத் தெரியாமலே போனது. காண்ட்ராவில் முப்பது உயிர் தரும் பொத்தான் வரிசையும் ஒரு மனிதரின் வேலைதான். கிரேடியஸ் ஆட்டத்தைச் சோதித்தபோது தன்னாலேயே அதை முடிக்க இயலாததால் கசுஹிசா ஹஷிமோட்டோ முதலில் அந்த வரிசையை உருவாக்கினார். இப்படி மனிதர்கள் உட்கார்ந்து எழுதுகிறார்கள் என்று தெரிந்திருந்தால், ‘நானும் ஒன்று எழுதுவேன்’ என்று வடசேரியில் ஒரு பிள்ளை கிளம்பியிருக்கும். அந்த ஆபத்திலிருந்தும் காப்பாற்றினீர்கள்.

உங்களை மனதார வாழ்த்த ஒரு காரணம் இருக்கிறது. நாம்கோ 1985இல் வெளியிட்ட பேட்டில் சிட்டியை அமெரிக்காவில் நிண்டெண்டோ கருவிக்காக விற்கவே இல்லை. ஆகவே அமெரிக்கர்கள் போடும் தலையாய பட்டியல்களில் அதற்குப் பெரும்பாலும் இடமில்லை. நமக்கு அது கிடைத்தது. இரண்டு பேர் ஒரே அணியில் நின்று கழுகுச் சின்னத்தைக் காக்கலாம். சொந்தமாக ஒரு களத்தையும் கட்டிக்கொள்ளலாம். அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஜெயிக்க வழிசெய்த அந்த ஆட்டத்தை 24 கிலோபைட் என்பதற்காக நீங்கள் சேர்த்தீர்கள். அதன் அருமையைக் கண்டுகொண்டவர்கள் எங்கள் பிள்ளைகள்.

இன்றும் உங்கள் தொண்டு நிற்கவில்லை. கைக்குள் அடங்கும் 400 இன் 1 பெட்டிகளில் அதே ஆட்டங்கள் வருகின்றன. அன்று விளையாடிய அப்பாக்கள் வாங்கி, “இதுதாண்டா அந்தக் காலத்து கேம்” என்று பிள்ளைகள் கையில் கொடுக்கிறார்கள். நீங்கள் விலை பார்த்துப் போட்ட பட்டியல் வரலாறாகிவிட்டது. அதைவிடப் பெரிய வெற்றி எந்த வியாபாரிக்கும் கிடைக்காது.

அந்த வரலாற்றில் சில வரிகளை நாங்கள் சேர்த்துக்கொள்ள அனுமதியுங்கள். பேட்டில் சிட்டி தன் சொந்தத் தகுதியால் அங்கேயே இருக்கட்டும். மரியோ தன்னைப் படைத்தவர்களின் பெயரோடு இருக்கட்டும். பக்கத்தில் செல்டாவும் மெட்ராய்டும் 1993இல் வந்த கிர்பிஸ் அட்வெஞ்சரும் ஏறட்டும். எது சிறந்தது என்று நீங்கள் ஒருநாளும் யோசிக்கவில்லை. அந்த வேலையை முழுசாக எங்களுக்கே விட்டுவைத்த பெருந்தன்மைக்கு வணக்கம்.