தேயாத கிட்டாரும் தேறாத நானும்

ஒரு மனிதரிடம் ஒரே கிட்டார் நாற்பது வருஷமாக இருக்கிறதென்றால் அதற்கு இரண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, அவர் மேதை. இல்லையென்றால், அதை எடைக்குக்கூட யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. நான் எந்த ரகம் என்பதில் எங்கள் வீட்டில் கருத்து வேற்றுமை கிடையாது. எனக்கு மட்டும்தான் லேசாக ஒரு சந்தேகம்.

1984-இல் அண்ணா சாலைக் கடை ஒன்றில் வாங்கிய கிட்டார் அது. அந்தக் காலத்தில் தமிழ்நாட்டுப் பையன்கள் கிட்டார் வாங்கியதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், 1982-இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’. அதில் இளையராஜா போட்ட அந்த நிலாப் பாட்டுக்கு ஆர். சந்திரசேகர் கிட்டாரை மீட்டினார். ஊரிலுள்ள வாலிபர்களுக்கெல்லாம் விரல் துடித்தது. எனக்கும் துடித்தது. இப்போதும் துடிக்கிறது. டாக்டர் அதற்கு வேறு காரணம் சொல்கிறார்.

அந்தப் பாட்டின் ஆரம்பம் எனக்கு வரும். பாட்டு தொடங்கும் இடத்தில் நிறுத்திவிடுவேன். எஸ்.பி.பி.க்கு வழிவிடுகிறேன் என்று சொல்லிக்கொள்வது வழக்கம். நாற்பது வருஷமாக வழிவிட்டுக்கொண்டே இருக்கிறேன்.

போகி நெருங்கினால் எங்கள் வீட்டில் ஒரு விசாரணை நடக்கும். கூண்டில் கிட்டார். அரசுத் தரப்பு வக்கீல் என் மனைவி. நீதிபதியும் அவளே. எதிர்த்தரப்பு வக்கீல் நான்; கட்சிக்காரனும் நானே என்பதால் ஃபீஸ் பெயராது. “இதை வச்சு என்ன பண்றதா உத்தேசம்?” என்பது ஒரே கேள்வி. பதிலுக்கு நான் வருஷா வருஷம் வெளிநாட்டிலிருந்து ஒரு சாட்சியைக் கொண்டுவந்து நிறுத்துவேன்.

முதலில் கூப்பிட்டது அமெரிக்காவின் வில்லி நெல்சனை. 1969-இல் வாங்கிய மார்ட்டின் என்-20 கிட்டாரை மனிதர் இன்னும் விடவில்லை. நேரில் பார்க்காமலே, டெலிபோனில் பேசி 750 டாலருக்கு வாங்கியது. ‘டிரிக்கர்’ என்று பெயர் வைத்தார். சினிமா கௌபாய் ராய் ராஜர்ஸின் குதிரைக்கு அந்தப் பெயர். நைலான் கம்பி போட்ட, விரலால் மீட்ட வேண்டிய கிட்டார் அது. அவரோ பிக் வைத்து வாசித்து வாசித்து, பலகை தேய்ந்து, ஏற்கெனவே இருக்கும் வட்ட ஓட்டைக்குப் பக்கத்தில் இன்னோர் ஓட்டை விழுந்துவிட்டது. அதோடுதான் கச்சேரி செய்கிறார். வீடு தீப்பிடித்தபோது உள்ளே ஓடிப்போய் அதை எடுத்து வந்தவர். கூடவே இன்னொரு சரக்கையும் காப்பாற்றியதாக அவரே சொல்லியிருக்கிறார். அது என்ன சரக்கு என்பதை நான் கோர்ட்டில் சொல்லவில்லை. 1990-இல் வரி பாக்கிக்காகச் சொத்தை ஜப்தி செய்ய வந்தார்கள். மற்றதெல்லாம் போனால் போகட்டும் என்று கிட்டாரை மட்டும் மகள் மூலம் முன்கூட்டியே கிளப்பிவிட்டார்.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அவருக்கு வாசிச்சு ஓட்டை விழுந்துச்சு. உங்களுக்கு எப்படி விழுந்துச்சு?” என்றாள்.

“இது ஓட்டை இல்ல, விரிசல். பரண்லேர்ந்து குக்கர் விழுந்தது.”

“அந்தக் குக்கர் இன்னும் உழைக்குது” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். வழக்கு ஒத்திவைக்கப்பட்டது.

அடுத்த போகிக்குப் பி.பி. கிங். 1949 குளிர்காலம். ஆர்கன்சா மாநிலத்தில் ட்விஸ்ட் என்ற சின்ன ஊர், ஒரு நடனக் கொட்டகை. குளிருக்காக நடுவில் பீப்பாயில் மண்ணெண்ணெய் எரிகிறது. இரண்டு பேர் கட்டிப் புரண்டு பீப்பாயைக் கவிழ்க்க, கொட்டகை முழுக்கத் தீ. தப்பி வெளியே வந்த கிங், கிட்டாரை விட்டுவிட்டு வந்தது ஞாபகம் வந்து மறுபடி உள்ளே ஓடினார். உயிர் பிழைத்ததே பெரிய விஷயம். அந்தச் சண்டை லூசில் என்ற பெண்ணுக்காக நடந்தது என்று பிறகு தெரிந்தது. இனி இப்படி ஒரு முட்டாள்தனம் செய்யக் கூடாது என்று தனக்குத் தானே புத்தி சொல்லிக்கொள்ள, கிட்டாருக்கு லூசில் என்றே பெயர் வைத்தார். பின்னால் வந்த கிட்டார்களுக்கும் அதே பெயர்தான்.

கதையோடு நிறுத்தியிருக்கலாம். “நானும் இதுக்கு ஒரு பேர் வைக்கலாம்னு இருக்கேன்” என்றேன்.

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. “யார் பேரு?”

“வேற யாரு பேரு? உன் பேருதான்.”

“என் பேரை வச்சிட்டு, அதையும் இப்படி மூலையில சாத்தி வைக்கப் போறீங்களா?”

கிட்டாருக்கு இன்றுவரை பெயர் இல்லை.

மூன்றாவது சாட்சி படித்தவராக இருந்தால் தேவலை என்று குவீன் குழுவின் பிரையன் மேயைப் பிடித்தேன். வானியற்பியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். பாதியில் விட்ட ஆராய்ச்சியை முப்பது வருஷம் கழித்து 2007-இல் முடித்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த தகவல். 1963-இல், பதினாறு வயதில், கடைக் கிட்டார் வாங்க வசதியில்லாமல் அப்பாவோடு உட்கார்ந்து சொந்தமாக ஒன்று செய்ய ஆரம்பித்தார். கழுத்துக்கு, எங்கோ கழற்றிப் போட்ட பழைய கணப்படுப்பின் மரம். அதில் பூச்சி அரித்த ஓட்டைகளை அடைக்கத் தீக்குச்சி. பழைய மோட்டார் சைக்கிளிலிருந்து ஸ்பிரிங். விரல் வைக்க அடையாளப் புள்ளிகளுக்கு அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து முத்துப் பொத்தான். பிக்குக்குப் பதிலாக ஆறு பென்ஸ் காசு. அந்தக் கிட்டாரைத்தான் 2002-இல் பக்கிங்ஹாம் அரண்மனை மொட்டை மாடியில் நின்று வாசித்தார், இன்னும் வாசிக்கிறார்.

“அப்பாவும் பிள்ளையும் ஒரு கிட்டாரையே செஞ்சிருக்காங்க. நீங்களும் உங்க பிள்ளையும் சேர்ந்து அந்தப் பாத்ரூம் தாழ்ப்பாளை மட்டும் சரி பண்ணுங்க, பார்ப்போம்” என்றாள்.

“என்னை ஏம்மா இழுக்கிற?” என்று பையன் நழுவினான். நான் விடவில்லை. நம் கிட்டாரிலும் பூச்சி அரித்த ஓட்டை இருக்கிறது பார் என்று பெருமையோடு டார்ச் அடித்துக் காட்டினேன். பீரோவுக்கும் பரவிவிடும் என்று அன்றைக்கே அது பால்கனிக்குக் குடிபோயிற்று.

அயர்லாந்தின் ரோரி கேலகர் விஷயத்தில் நான் கொஞ்சம் நெருங்கியே வந்தேன். கார்க் நகரில் 1963-இல் வாங்கிய ஸ்ட்ராட்டோகாஸ்டரை 1995-இல் கண் மூடும்வரை வைத்திருந்தார். அவர் வியர்வை பட்டுப் பட்டே பெயின்ட் உரிந்து மரம் வெளியே தெரிந்தது. ஒருமுறை அது திருடு போய், சில நாள் கழித்து மழையில் நனைந்து ஒரு பள்ளத்தில் கிடைத்தது. வியர்வையில் சென்னைக்காரன் யாருக்கும் சளைத்தவனில்லை. திருட்டும் எங்கள் வீட்டில் நடந்தது. ஊருக்குப் போயிருந்தபோது வந்தவன் கிட்டார் உறையின் ஜிப்பைத் திறந்து, கிட்டாரை வெளியே எடுத்துச் சுவரோரம் பத்திரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, உறையில் பித்தளைப் பாத்திரங்களைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். திருட்டுப் போன சாமான் பட்டியலில் ‘கிட்டார் உறை’ என்று எழுதினேன். ஏட்டையா நிமிர்ந்து பார்த்து, “கிட்டார்?” என்றார். “இருக்கு” என்றேன். “அப்படியா” என்றார் அனுதாபத்தோடு.

சாட்சிகள் தோற்ற பிறகு, சரி, ரிப்பேராவது செய்து பார்ப்போம் என்று தோன்றியது. ஸ்டீல் கம்பி ஆறையும் சுதி சேர்த்து முறுக்கினால் எல்லாமாகச் சேர்ந்து எழுபது கிலோவுக்குக் குறையாமல் இழுக்கும். இரவு பகலாக ஓர் ஆள் கழுத்தைப் பிடித்துத் தொங்குகிற கணக்கு. காற்றில் ஈரப்பதம் ஐம்பது சதவீதத்தை ஒட்டி இருந்தால் கிட்டார் மரத்துக்குச் சுகம். சென்னையில் அந்தச் சுகம் நகைக்கடைக்குள்தான் கிடைக்கும். ஈரம் குடித்துக் குடித்து மேல் பலகை என் தொப்பையைப் போலவே, ஏறக்குறைய அதே வருஷங்களில், மெல்ல மெல்ல உப்பியது. கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் பின்பக்கம் தூக்கிக்கொண்டது. கம்பிக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் சந்து போதும். என் கிட்டாரில் பென்சில் நுழையும். ஒற்றை விரலை ஆறு கம்பிக்கும் குறுக்கே அழுத்திப் பிடிக்கிற எஃப் கார்டு நல்ல கிட்டாரிலேயே அழவைக்கும். இதில் பிடித்தால் பக்கத்து ஃப்ளாட்டிலிருந்து என்ன ஆயிற்று என்று கேட்டு வருவார்கள்.

ரிப்பேர்க்காரர் இளைஞர். மடியில் படுக்க வைத்து, செல்போன் வெளிச்சத்தில் கழுத்தின் நீளத்துக்கும் கண்ணை ஓட்டினார்.

“எத்தனை வருஷமா வாசிக்கிறீங்க சார்?”

“நாற்பது வருஷமா.”

கட்டை விரலால் ஒவ்வொரு ஃப்ரெட்டாகத் தடவிக்கொண்டே வந்தார். “ஃப்ரெட் எல்லாம் புத்தம் புதுசா இருக்கே சார்.” நான் கடையின் கூரையைப் பார்த்தேன். ஓரிடத்தில் விரல் நின்றது. அங்கே மட்டும், மெல்லிய கம்பிகளுக்குக் கீழே, உலோகத்தில் நகக்கீறல் அளவுக்குத் தேய்மானம். அவர் நிமிர்ந்தார். “நிலாப் பாட்டா சார்?”

தலையாட்டினேன்.

“இங்க வர்ற பழைய கிட்டார் முக்கால்வாசிக்கு இதே இடம்தான் சார் தேஞ்சிருக்கும்” என்று ஆறுதல் சொன்னார். ரிப்பேர் செலவுக்கு நல்லதாகப் புதுசே வாங்கிவிடலாம் என்பதையும் சொன்னார்.

டிரிக்கருக்கு டெக்சாஸில் ஆஸ்டின் நகரத்தில் மார்க் எர்லவைன் என்று ஒரு வைத்தியர் இருக்கிறார். 1970-களிலிருந்து அவர்தான் அதைப் பழுதுபார்க்கிறார். வாசித்தால் தேயும், தேய்ந்தால் கண்ணில் படும், கண்ணில் பட்டால் ஒட்டுப் போட்டு ஓட்டலாம். அப்படி ஓடித்தான் அந்தக் கிட்டார்களெல்லாம் கிழடாகியிருக்கின்றன. என்னுடையது கிழடாகவே இல்லை, மக்கிப்போயிருக்கிறது. இருந்தும் ஏன் தூக்கிப் போட மனம் வரவில்லை என்றால், இதைப் போட்டால் என்றைக்காவது வாசிக்கப்போகிற அந்த ஆளையும் சேர்த்துப் போட வேண்டியிருக்கும். அவன் மேல் எனக்கு இன்னும் நம்பிக்கை போகவில்லை. வீட்டில் மற்றவர்கள் அவனைப் பார்த்ததில்லை.

சரஸ்வதி பூஜைக்கு மட்டும் கிட்டாருக்கு மரியாதை உண்டு. என் மாமியார் வீட்டிலிருந்து வந்த வீணைக்குப் பக்கத்தில் அதுவும் சந்தனம் குங்குமத்தோடு உட்காரும். அன்றைக்கு வாத்தியங்களைத் தொடக் கூடாது என்பது சம்பிரதாயம். அந்த வகையில் எங்கள் கிட்டார் வருஷம் முழுக்கச் சரஸ்வதி பூஜை கொண்டாடுகிறது. அந்த வீணையைக் கடைசியாக யார், எப்போது தொட்டார்கள் என்று நான் கேட்டதில்லை. எங்கள் இல்லறம் இவ்வளவு தூரம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

போன மாதம் பையன் என்னைக் கேட்காமலே கிட்டாரைப் படம் எடுத்து விற்பனைக்குப் போட்டுவிட்டான். ‘வின்டேஜ், அதிகம் பயன்படுத்தப்படாதது’ என்று எழுதியிருந்தான். ஒரு பொய் இல்லை. கல்லூரிப் பையன் ஒருவன் வந்தான். திருப்பிப் பார்த்தான், ஒரு தட்டுத் தட்டினான், ஆயிரத்தைந்நூறு ரூபாய் தருவதாகச் சொன்னான். நான் தொண்டையைச் செருமி, வில்லி நெல்சனிலிருந்து ஆரம்பிக்க இருந்தேன்.

“அது விக்கிறதுக்கு இல்லப்பா” என்று குரல் வந்தது. என் மனைவி! காப்பி கொடுத்து அந்தப் பையனை அனுப்பிவைத்தாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. “உனக்கும் இது மேல இவ்வளவு பாசமா?” என்றேன்.

“பாசம் என்ன பாசம்! இது மூலையில இருக்கிற வரைக்கும், இருக்கிறதையே வாசிக்கலையேன்னு சொல்லி உங்களை நிறுத்தலாம். இது போச்சுன்னா மறுநாளே சாக்ஸபோனோட வந்து நிப்பீங்க.”

அபாண்டம். நான் பார்த்துவைத்திருந்தது யுகுலேலே. நாலே கம்பி, பரணில் பாதி இடம்கூடப் பிடிக்காது.