இவரு யாரு, அந்தப் படத்துல வருவாரே!

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பிரியாணி முடிந்து, ஹாலில் ஆளுக்கொரு மூலையில் எல்லோரும் சரிந்திருந்த நேரம். யாரும் கேட்காமலேயே நான் டிவியில் ஒரு பழைய லொள்ளு சபாவைப் போட்டேன். நல்ல எண்ணத்தில்தான் போட்டேன். திரையில் மனோகர் வந்தார். கையையும் உடம்பையும் அவருக்கே உரிய தினுசில் ஆட்டிக்கொண்டு ஒரு வசனத்தை ஆரம்பித்தார். அது முடியவில்லை.

“மாமா, பாஸ் பண்ணுங்க, பாஸ் பண்ணுங்க! இவரு யாரு?”

மச்சினன். ரிமோட் என்னிடம் இருந்தும் பிரயோஜனமில்லை. பக்கத்தில் இருந்த என் மகள் அதைப் பிடுங்கி நிறுத்தியாகிவிட்டது.

“அந்தப் படத்துல வருவாரேடா” என்றாள் என் மனைவி.

“அதான்க்கா, எந்தப் படம்?”

“ஹீரோ வீடு பார்க்கப் போவான்ல, அந்த ஹவுஸ் ஓனர்.”

“ஹவுஸ் ஓனர் வேற ஆளுக்கா. இவரு புரோக்கரு.”

“ரெண்டும் இல்ல” என்றார் மாமியார், கண்ணைத் திறக்காமலேயே. “சீரியல்ல மாமனாரா வருவாரு. மருமக நல்லவ. இவருதான் சரியில்ல.”

ஆளுக்கொரு போனை எடுத்துத் தேட ஆரம்பித்தார்கள். திரையில் மனோகர் ஒரு கை மேலே, ஒரு கை பக்கவாட்டில், வாய் பாதி திறந்தபடி நின்றுகொண்டே இருந்தார். அவரை விடுவித்து அரை நிமிஷம் ஓட்டியதும் சுவாமிநாதன் வந்தார். மறுபடி பாஸ். அடுத்து மாறன். பாஸ். இருபது நிமிஷத்துச் சொச்ச நிகழ்ச்சி, எங்கள் வீட்டில் சாயங்காலக் காபி வரைக்கும் ஓடியது. ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் பரம திருப்தி.

உங்கள் வீட்டிலும் இதே கதைதான் என்பது எனக்குத் தெரியும். மறுக்க வேண்டாம். பெயர் தெரியாமல் ஒரு முகத்தை அப்படியே விட்டுவிட்டு அடுத்த சீனுக்குப் போகும் மனவலிமை நம்மில் யாருக்கும் இல்லை. கொலையாளி கத்தியோடு கதவுக்குப் பின்னால் நிற்கும்போதும் நம் கவலை, ‘இந்த வாட்ச்மேன் எதிலயோ வந்தானே’ என்பதுதான். பெயர் ஞாபகம் வராமல் தூங்கப் போய், ராத்திரி பதினொரு மணிக்குப் பல் விளக்கும் நுரையோடு பாத்ரூமிலிருந்து ஓடிவந்து பெயரை அறிவிக்கிறவர்களும் உண்டு. அப்படி ஒருவர் எங்கள் வீட்டில் இருக்கிறார். அவர் யார் என்று எழுதினால் இந்தக் கட்டுரை அச்சுக்குப் போகாது.

மற்ற நிகழ்ச்சிகள் இந்த நோயை ஓரளவு தாங்கும். தாங்கவே முடியாதது லொள்ளு சபா. 2000களில் விஜய் டிவியில் வந்தபோது அதில் யாரையும் நமக்குத் தெரியாது. யாரும் தெரியாததுதான் அதன் மூலதனம். இயக்குநர் ராம்பாலா ஓர் ஓடிய படத்தை எடுத்துக்கொள்வார். முதலில் படத்தின் பெயருக்குக் கை கால் உடையும், பிறகு கதைக்கு. ஊரே கண்ணீர் விட்டுப் பார்த்த காட்சி அதே வரிசையில், அதே விறைப்போடு நடக்கும். ஆனால் ஹீரோ இருக்க வேண்டிய இடத்தில் விக் சரியாக உட்காராத ஒருவர் நிற்பார். செட் என்பது பெரும்பாலும் செட் இல்லை. காசு இல்லாததை மறைக்கவும் மாட்டார்கள், அதையே ஜோக்காக்கிவிடுவார்கள். அழுகிற காட்சியில் பக்கத்தில் நிற்பவன் ‘எதுக்கு இவ்வளவு சத்தம்’ என்கிற பார்வையோடு நிற்பான். அந்தப் பக்கத்தில் நிற்பவன்தான் நிகழ்ச்சியே.

லொள்ளு சபா ஏன் அப்படிச் சிரிக்க வைத்தது என்பது பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே. அதற்கு முன் ஒரே ஒரு சின்ன விஷயம்.

மச்சினன் கடைசியில் பெயரைக் கண்டுபிடித்துவிட்டான். எப்படிச் சொன்னான் தெரியுமா? “லொள்ளு சபா மனோகர்.” அடுத்தவர் “லொள்ளு சபா சுவாமிநாதன்.” அடுத்தவர் “லொள்ளு சபா மாறன்.” லொள்ளு சபா நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அதில் நடிப்பவர் யார் என்று கேட்டால், லொள்ளு சபாவில் நடிப்பவர் என்பதுதான் பதில். இதற்காகவா மனோகரை அத்தனை நேரம் கையைத் தூக்கி நிற்க வைத்தீர்கள் என்று கேட்டேன். “இப்ப க்ளியர் ஆயிடுச்சுல்ல மாமா” என்றான்.

தமிழனுக்கு ஒரு நடிகர் பெயரை மொட்டையாகச் சொன்னால் திருப்தி இல்லை. முன்னால் ஏதாவது ஒட்ட வேண்டும். இது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. சுந்தரராஜன் எந்தப் படையிலும் சேராமல் மேஜர் ஆனார். பாலசந்தரின் ‘மேஜர் சந்திரகாந்த்’ நாடகத்தில் ராணுவ உடுப்பு போட்டது போதும், ஆயுசுக்கும் மேஜர். சீனிவாசன் ‘கல் மணம்’ நாடகத்தில் தேங்காய் வியாபாரியாக வந்தார், தேங்காய் ஆனார். அதே நாடகத்தில் வேறு ஏதாவது காய் விற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. புடலங்காய் சீனிவாசன் என்று ஒருவர் எம்.ஜி.ஆர். பக்கத்திலும் ரஜினி எதிரிலும் நின்றிருக்க முடியுமா? எடுபட்டிருக்காது. கத்தரிக்காய்கூடப் பரவாயில்லை.

1965-ல் ஸ்ரீதரின் ‘வெண்ணிற ஆடை’ வந்தது. மூர்த்தி வெண்ணிற ஆடை மூர்த்தி ஆனார், நிர்மலா வெண்ணிற ஆடை நிர்மலா ஆனார். அப்புறம் மூர்த்தி பச்சை சட்டை போட்டாலும் மஞ்சள் ஜிப்பா போட்டாலும் வெண்ணிற ஆடைதான். அதே படத்தில் தமிழுக்கு அறிமுகமான ஜெயலலிதாவுக்கு மட்டும் அது ஒட்டவில்லை. அவருக்கு வேறு அடைமொழிகள் வரிசையில் நின்றன. 1980-ல் பாரதிராஜாவின் ‘நிழல்கள்’. படம் ஓடவில்லை. ரவியின் பெயருக்கு முன்னால் மட்டும் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. எவ்வளவு லைட் போட்டு நிற்க வைத்தாலும் அவர் நிழல்கள்தான். 1984-ல் பூவிலங்கு மோகன், 1992-ல் தலைவாசல் விஜய், 2011-ல் ஆடுகளம் நரேன். நரேன் அதற்கு முன்பும் நடித்தவர். ஆனாலும் ஆடுகளத்துக்கு முந்திய நரேன் சட்டப்படி செல்லாது.

சினிமாவைச் சொல்வானேன், உறவுக்காரர்களை மட்டும் நாம் சும்மா விட்டோமா? எங்கள் குடும்பத்தில் எல்.ஐ.சி. மாமா என்று ஒருவர். ரிட்டயர் ஆகி எவ்வளவோ காலமாகிவிட்டது. கோயில் திருப்பணி, யோகா, பேரன் படிப்பு என்று வேறு வேறு துறைகளில் பிரகாசித்துவிட்டார். மாறவில்லை. ஆவடி சித்தி கோயம்புத்தூரில் செட்டில் ஆகி, அங்கேயே வீடும் கட்டி, கிரகப்பிரவேசப் பத்திரிகை வைக்க வந்தார். “யாரு வந்திருக்கா?” “ஆவடி சித்தி.” “எங்க வீடு கட்டியிருக்காங்க?” “கோயம்புத்தூர்ல.” யாருக்கும் இதில் நெருடல் இல்லை. சரி, மனைவி வீட்டுப் பக்கத்தில் எனக்கு என்ன அடைமொழி என்று விசாரித்தேன். கொஞ்சம் தயங்கிவிட்டு மகள் சொன்னாள்: “‘பாஸ் பண்ணினா கத்துவாரே, அந்த மாமா’ம்பாங்கப்பா.” நீளம்தான். ஆனால் குழப்பம் வராது.

ஒரு பெயரை ஒருவர் வைத்துக்கொள்வது சரி, வெண்ணிற ஆடையை இரண்டு பேர் பங்கு போட்டதும் சரி. லொள்ளு சபாவில் ஒரு பட்டாளமே பங்கு போட்டுக்கொண்டது. லொள்ளு சபா மனோகர், லொள்ளு சபா சுவாமிநாதன், லொள்ளு சபா ஜீவா, லொள்ளு சபா மாறன், லொள்ளு சபா சேஷு, லொள்ளு சபா உதயா. எல்லோருக்கும் ஒரே இனிஷியல். ரேஷன் கார்டு வாங்கலாம்.

இந்தப் பட்டியலில் யார் இல்லை என்று பாருங்கள். சந்தானம் இல்லை. 2004-ல் ‘மன்மதன்’, அப்புறம் ‘சிவா மனசுல சக்தி’, ‘பாஸ் என்கிற பாஸ்கரன்’, ‘ஒரு கல் ஒரு கண்ணாடி’ என்று போய், 2014-ல் ‘வல்லவனுக்கு புல்லும் ஆயுதம்’ படத்தில் ஹீரோ. அவரை லொள்ளு சபா சந்தானம் என்று இன்று யாரும் சொல்வதில்லை. யோகி பாபு இல்லை. லொள்ளு சபாவில் கூட்டத்தில் ஒருவராகத் தலைகாட்டியவர், 2009-ல் வந்த ‘யோகி’யை முன்னால் மாட்டிக்கொண்டு, ‘மண்டேலா’ வரைக்கும் ‘ஜவான்’ வரைக்கும் போய்விட்டார். பரோட்டா சூரிகூட ‘விடுதலை’ வந்ததும் வெறும் சூரி ஆகிவிட்டார். பஸ்ஸில் சீட் கிடைத்தவன் கம்பியை விட்டுவிடுவதுபோல, மேலே போனவர் அடைமொழியை விட்டுவிடுகிறார். நின்றுகொண்டே வருகிறவர்கள்தான் கம்பியைப் பிடித்திருக்கிறார்கள். லொள்ளு சபா என்கிற பெயரை இன்று வரைக்கும் தூக்கிச் சுமப்பது யார் என்றால், சினிமா சீட் கொடுக்காதவர்கள்.

இதில் எனக்கு நிஜமாகவே கோபம். அந்த நிகழ்ச்சி சிரிக்க வைத்தது தனியாள் திறமையால் இல்லை. ஒருவர் ரஜினியாக ஸ்டைல் பண்ணினால் எதிரே நிற்பவர் அதை மதிக்கக் கூடாது. ஒருவர் வசனம் பேசினால் இன்னொருவர் அதன் காலை வாரிவிட வேண்டும். இவர் கத்த, அவர் முழிக்க, மூன்றாமவர் சம்பந்தமில்லாமல் குறுக்கே நடக்க வேண்டும். வருஷக்கணக்கில் சேர்ந்து செய்தால்தான் அந்தத் தாளம் கூடும். சினிமா என்ன செய்தது? அந்தக் கூட்டத்தைப் பிரித்து ஆளுக்கொரு சீன் கொடுத்தது. ஒருவருக்கு ஹவுஸ் ஓனர். ஒருவருக்கு புரோக்கர். ஒருவருக்குப் போலீஸ் ஸ்டேஷன் ஏட்டு. வந்து, ஹீரோவிடம் அவமானப்பட்டு, போக வேண்டும். பிறகு நாம் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, ‘இவரு எதுல வந்தாரு’ என்று பாஸ் போட்டுத் தேடுகிறோம். தேடாமல் எப்படி ஞாபகம் வரும், கொடுத்ததே ஒன்றரை நிமிஷம்!

சந்தானத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஹீரோ ஆன பிறகு பழைய கூட்டத்தை மறக்கவில்லை. ராம்பாலா இயக்க, 2016-ல் ‘தில்லுக்கு துட்டு’. 2019-ல் அதன் இரண்டாம் பாகம். அதே வருஷம் வந்த ‘ஏ1’ படத்திலும், 2024-ல் வந்த ‘வடக்குப்பட்டி ராமசாமி’யிலும் மாறனும் சேஷுவும் இருந்தார்கள். அந்தப் படங்களின் கதை எனக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை. ஆனால் அவர்கள் இரண்டு பேரும் ஒரே ஃபிரேமில் நின்று ஆளுக்கு ஒன்று பேசும் இடம் வந்தால், ஹாலில் யார் பாஸ் என்று கத்தினாலும் நான் ரிமோட்டைத் தருவதில்லை.

2024 மார்ச்சில் சேஷு காலமானார். ‘லொள்ளு சபா சேஷு மறைவு’ என்றுதான் செய்தி வந்தது. நிகழ்ச்சி நின்று எத்தனையோ வருஷம் ஆகியும் கடைசி வரைக்கும் அந்த இனிஷியல் கூடவே போனது. அன்றைக்கு எங்கள் வீட்டில் நடந்த உரையாடலை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். “யாரும்மா சேஷு?” “அந்தப் படத்துல வருவாருடி, ஐயரா.” “எந்தப் படம்?” “இரு, பார்த்துச் சொல்றேன்.”

பார்த்துச் சொன்னாள். எல்லோரும் “ஓ, அவரா!” என்றார்கள். “ஓ, அவரா” என்று சொல்லிவிட்டால் நமக்கு ஒரு கடமை முடிந்த நிம்மதி. அதற்கு மேல் அந்த ஆளைப் பற்றிக் கேட்க நமக்கு ஒன்றும் இல்லை.

பெயர் தெரிந்துகொள்வதில் இத்தனை ஆர்வம் உள்ள ஜனங்கள், படம் முடிந்து நடிகர் பெயர்கள் வரிசையாக ஓடும்போது உட்கார்ந்து படிக்கலாமே? டிவியில் போட்டால் அதற்குள் அடுத்த நிகழ்ச்சியின் விளம்பரம் வந்து பெயர்களை ஒரு மூலைக்கு நசுக்கிவிடும். ஓடிடியில் ஐந்து நொடியில் அடுத்த எபிசோடு தானே ஓட ஆரம்பிக்கும். தியேட்டரில் மட்டும்தான் முழுசாக, பெரிய எழுத்தில், யாரும் பாஸ் போடாமல் ஓடும். அப்போது மொத்த ஜனமும் எழுந்து நின்று, திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பாக்கெட்டில் பார்க்கிங் டோக்கனைத் தேடிக்கொண்டிருக்கும்.