மூவேந்தர் ஆளும் அம்பத்தூர்

எல்லை வகுக்கும் பெருமக்களே! பறம்பு நாட்டின் முந்நூறு ஊரையும் பாடி வந்தவர்களுக்கே கொடுத்துவிட்டான் வள்ளல் பாரி. உங்கள் கொடை அதனினும் பெரிது. ஒரே ஊரை மூன்று பேருக்குக் கொடுத்திருக்கிறீர்கள். எங்கள் அம்பத்தூருக்குக் குப்பை அள்ளுவதும் பட்டா தருவதும் சென்னை. வீட்டில் திருட்டுப் போனால் ஆவடி காவல் ஆணையரகம். எம்.பி.யைத் தேடினால் ஸ்ரீபெரும்புதூர் தொகுதி. மூவேந்தரும் சேர்ந்து ஆளும் பேறு எத்தனை ஊருக்குக் கிடைக்கும்?

உங்கள் நிதானத்தையும் போற்ற வேண்டும். 1997 ஜூலையில் செங்கல்பட்டு மாவட்டத்தைப் பிரித்து எங்களைத் திருவள்ளூருக்குத் தந்தீர்கள். 2011 அக்டோபரில் சென்னை மாநகராட்சியை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக்கி எங்களையும் அணைத்துக்கொண்டீர்கள். மாவட்டத்தை மாற்ற மட்டும் 2018 ஆகஸ்ட் வரை பொறுத்தீர்கள். அந்த ஏழு வருஷமும் சொத்து வரி சென்னைக்குப் போனது. திங்கட்கிழமை மனுவோடு நாங்கள் திருவள்ளூருக்கு ரயிலேறினோம். இரண்டு ஊரையும் சுற்றிக் காட்டினீர்கள்.

பக்கத்து ஆவடியையும் நீங்கள் மறக்கவில்லை. 2019-ல் மாநகராட்சி, 2022 ஜனவரி முதல் தேதியில் காவல் ஆணையரகம் என்று வாரி வழங்கினீர்கள். ஆட்சியரைப் பார்க்க மட்டும் திருவள்ளூர் போக வேண்டும். ஆவடிக்கு வரும் தபால் சென்னை-54, பூந்தமல்லிக்குச் சென்னை-56. தபால்காரருக்குச் சென்னைவாசி, தாசில்தாருக்குத் திருவள்ளூர்வாசி. ஒரே பிறவியில் இரண்டு ஊர்க்காரராக வாழும் வரம் அது.

லடாக்கில் லே, கார்கில் என்ற 2 மாவட்டங்கள் போதாமல் இன்னும் 5 வேண்டும் என்று 2024 ஆகஸ்டில் அறிவித்தார்கள். அங்கே காரணம் கண்ணுக்குத் தெரிகிறது. அங்குள்ள ஸன்ஸ்கார் பகுதிக்காரர் கார்கில் போகப் பென்சி லா கணவாயைத் தாண்ட வேண்டும். பனி மூடினால் அந்த வழி அடைபடும். எங்களுடையதோ சமவெளி. குன்றுகூடக் குறுக்கே இல்லாத இடத்தில் காகிதத்தாலேயே ஒரு கணவாய் எழுப்பிய திறமை உங்களுக்கே உரியது.

அந்தக் கணவாயை என் அம்மா மஞ்சள் பையோடு ஏறினாள். பைக்குள் 1982-ஆம் வருஷத்து வீட்டுப் பத்திரம், செங்கல்பட்டு மாவட்டம். பழைய ரேஷன் அட்டை, திருவள்ளூர் மாவட்டம். ஆதார், சென்னை மாவட்டம். ஓர் அலுவலகத்தில் மூன்றையும் புரட்டிப் பார்த்தவர், "மூணும் ஒரே வீடுதான்னு எழுதி வாங்கிட்டு வாங்கம்மா" என்றார். பத்திரத்தின் மடிப்பு கிழிந்துவிடாமல் விரலால் நீவி, திரும்பப் பையில் வைத்தாள் அம்மா. வெளியே வந்ததும் கேட்டாள்: "வீடு இருந்த இடத்துலயேதான்பா இருக்கு. மாவட்டம் மட்டும் ஏன் நடந்துக்கிட்டே இருக்கு?"

வள்ளல்களே, அடுத்த கோட்டைப் போடும் முன் எங்களுக்கு ஒரு வரி எழுதித் தாருங்கள்: இந்த மூன்று காகிதமும் ஒரே வீடு. பாரியைத் தேடி நடந்த பாணர்களைப்போல நானும் வந்து உங்கள் வாசலில் பாடுகிறேன்.