காதுக்கு இனிமையா, வேலைக்கு உண்மையா?

கே: கடையில் இரண்டு ஸ்டூடியோ ஹெட்போன்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். ஒன்றில் எல்லாப் பாடல்களுமே இனித்தன. அதையே வாங்கிவிடலாமா?

ப: பாட்டுக் கேட்க என்றால் தாராளமாக வாங்குங்கள். மிக்ஸிங் செய்ய என்றால் வேண்டாம். மோசமாகப் பதிவான பாடலையும் இனிக்க வைப்பது உங்கள் பதிவின் குறைகளையும் மூடி மறைத்துவிடும். பாடகரின் ‘ச’ சீறுகிறதா, இரண்டு டேக்குகளை ஒட்டிய இடம் தெரிகிறதா, அறையின் ஃபேன் இரைச்சல் உள்ளே புகுந்திருக்கிறதா? இவையெல்லாம் எதில் சட்டென்று காதில் விழுகின்றனவோ அதுதான் வேலைக்கு ஆகும். அடுத்த முறை கடைக்குப் போகும்போது நீங்களே செய்த பழைய பதிவு ஒன்றைக் கொண்டுபோங்கள், எங்கே குறை என்று உங்களுக்குத் தெரிந்ததாகப் பார்த்து.

கே: ஒப்பிடும்போது பெரும்பாலானவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

ப: வால்யூமில். ஒன்று மற்றதைவிட ஒரு டெசிபல் கூடுதலாக ஒலித்தால் போதும். ‘சத்தம் கூடியிருக்கிறது’ என்று காது சொல்லாது, ‘தெளிவு கூடியிருக்கிறது’ என்றே சொல்லும். பெல் ஆய்வகத்தின் ஹார்வி ஃப்ளெட்சரும் வைல்டன் மன்சனும் 1933இல் வெளியிட்ட வரைகோடுகள் இதில் ஒரு பகுதியை விளக்கிவிட்டன. சத்தம் குறையக் குறைய, நம் காதுக்கு நடுத்தர ஒலிகளைவிட பேஸ்தான் முதலில் மங்குகிறது. கொஞ்சம் கூட்டினால் பேஸ் நிறைந்து வருகிறது, பாட்டுக்கு உடம்பு வந்த மாதிரி இருக்கிறது. ஹெட்போனுக்கு இதில் எந்தப் பெருமையும் இல்லை.

ஒரே போனில் ஒரே வால்யூமில் வைத்தேன் என்றும் சொல்ல வேண்டாம். ஒவ்வொரு ஹெட்போனின் உணர்திறனும் மின்தடையும் வேறு, ஆகவே வரும் சத்தமும் வேறு. ஒருவர் பேசும் குரலை ஓடவிட்டு, இரண்டிலும் அந்தக் குரல் ஒரே அளவில் கேட்கும்வரை வால்யூமைச் சரிசெய்யுங்கள். தீர்ப்பெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கே: கண்ணைக் கட்டிக்கொண்டு சோதித்தால் நியாயம் கிடைக்குமா?

ப: முழுதாகக் கிடைக்காது. எது எது என்பதை எடையும் குஷனும் காட்டிக் கொடுத்துவிடும். ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் டாட் வெல்டியும் இதற்கு அழகான ஒரு வழி கண்டார்கள். பல ஹெட்போன்களின் ஒலித்தன்மையை அளந்து, அவற்றையெல்லாம் ஒரே ஹெட்போன் வழியாகவே போலச் செய்து கேட்க வைத்தார்கள். தலையில் இருப்பது மாறவில்லை, ஒலி மட்டும் மாறியது. பயிற்சி உள்ளவர், இல்லாதவர் என்ற வித்தியாசம் அதிகம் இல்லாமல், நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கர் ஒலிப்பதைப் போன்ற தன்மையையே பெரும்பாலோர் விரும்பினார்கள். ரசனை ஆளுக்கு ஆள் வேறு என்று பேச்சை முடித்துக்கொள்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கே: விலை கூடினால் தரமும் கூடுமா?

ப: 2017இல் யெரூன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை விலையோடு ஒப்பிட்டார். அலைவரிசைத் தன்மைக்கும் விலைக்கும் தொடர்பு காணவில்லை. உழைக்கும் காலம், மாற்று உதிரிபாகம், தலைக்கு இதம் இவற்றுக்காகக் கூடுதலாகக் கொடுக்கலாம். ஒலிக்காக மட்டும் விலைச்சீட்டை நம்பாதீர்கள்.

கே: பெட்டியில் ‘5 முதல் 35,000 ஹெர்ட்ஸ்’ என்று போட்டிருக்கிறதே?

ப: நல்ல காதே 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும், வயது ஏற ஏற அதுவும் இறங்கும். எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று சொல்லாதவரை அந்த எண்களால் பயன் இல்லை.

கே: ஸ்டூடியோ ஹெட்போனின் வரைபடம் நேர்கோடாக இருக்க வேண்டாமா? நான் பார்த்ததில் 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் பெரிய மேடு.

ப: அந்த மேடு இருக்கத்தான் வேண்டும். எதிரே ஒருவர் பேசும்போது உங்கள் காதுமடலும், சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள காதுக் குழாயும் சேர்ந்து அந்தப் பகுதியைப் பத்து டெசிபலுக்கும் மேல் உயர்த்தித்தான் செவிப்பறைக்கு அனுப்புகின்றன. பிறந்ததிலிருந்து அப்படிக் கேட்டுப் பழகியதால் அதுவே நமக்கு இயல்பு. ஹெட்போனைப் போட்டதும் வெளிக்காதின் இந்த வேலை தடுமாறுகிறது, அதை ஹெட்போன்தான் ஈடுசெய்ய வேண்டும். செவிப்பறையில் அளந்து நேர்கோடு வந்தால், கம்பளிக்குள்ளிருந்து யாரோ பாடுவது போலத்தான் கேட்கும்.

கே: சோனி எம்டிஆர்-7506இல் ட்ரெபிள் குத்துகிறது என்கிறார்கள். ஆனால் ரேடியோ நிலையம், படப்பிடிப்புத் தளம் என்று எங்கும் அதுதானே?

ப: இரண்டும் உண்மை. 1991இல் வந்த மாடல், இன்றும் விற்கிறது. மேல் ஒலிகள் சற்றுத் தூக்கலாக இருப்பதால்தான் மைக்கின் இரைச்சல், உடை உரசல், உதட்டுச் சத்தம் எல்லாம் உடனே பிடிபடுகின்றன. ஐந்து நிமிடம் முந்தி ஓடும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தே சரியாகப் பஸ் பிடிக்கும் வீடுகள் உண்டு. எவ்வளவு முந்துகிறது என்று தெரிந்தால் போதும். அதன் காரத்துக்குப் பழகிய ஒலிப்பதிவாளர் அதைக் கழித்துவிட்டே கேட்கிறார். ஆகவே, கையில் இருப்பதன் குணம் தெரியும் முன்னே வேறொன்றுக்குத் தாவாதீர்கள்.

கே: மூடிய வகையா, திறந்த வகையா?

ப: மைக் முன்னால் நிற்பவருக்கு மூடியது. இல்லாவிட்டால் தாளத்துக்குக் கொடுக்கும் ‘கிளிக்’ கசிந்து பதிவில் ஏறும். மிக்ஸிங்குக்கு, 1997இல் வந்த சென்ஹைசர் எச்டி 600 போன்ற திறந்த வகை. அதன் மின்தடை 300 ஓம். போனில் செருகி ‘சத்தமே இல்லை’ என்று குறை சொல்லாமல், தகுந்த ஆம்ப்ளிஃபயரோடு கேளுங்கள்.

கே: மூக்குக் கண்ணாடி போடுபவன் நான். மூடிய ஹெட்போனில் பேஸே வரவில்லை.

ப: ஹெட்போனைத் திட்டும் முன் கண்ணாடியைக் கழற்றிப் பாருங்கள். குஷனுக்கும் கன்னத்துக்கும் நடுவில் சிறு இடைவெளி விழுந்தாலே பேஸ் ஓடிவிடும். நைந்த குஷனும் இதையேதான் செய்யும்.

கே: எந்தப் பாடலை வைத்துச் சோதிப்பது?

ப: துணைக் கருவி இல்லாத மனிதக் குரலில் தொடங்குங்கள். எம்பி3 முறையை உருவாக்கிய கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், சூசன் வேகாவின் ‘டாம்ஸ் டைனர்’ பாடலைத் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் தன் வேலையைத் திருத்தினார். வாத்தியக் கூட்டத்தில் ஒளிந்துகொள்ளும் பிழை தனிக் குரலில் அப்பட்டமாகத் தெரியும். அடுத்து, நீங்கள் நேரில் கேட்டிருக்கும் ஒரு வாத்தியம். கச்சேரிகளுக்குப் போகிறவர் என்றால் மிருதங்கம்: தொப்பியின் கும்காரம் வலந்தலையின் நாதத்தை விழுங்காமல் இரண்டும் தனித்தனியே நிற்க வேண்டும்.

கே: ஹெட்போனிலேயே முழு மிக்ஸையும் முடித்துவிடலாமா?

ப: முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் ஸ்பீக்கரிலும் ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் அனுப்பாதீர்கள். ஸ்பீக்கரில் வலப்பக்க ஒலி இடக்காதுக்கும் போகிறது, ஹெட்போனில் போவதில்லை. அதனால் ஓரங்களில் வைத்த வாத்தியங்கள் அகன்று தெரியும். எதிரொலி தெளிவாகக் கேட்பதால் அதைக் குறைத்து வைத்துவிடுவீர்கள், ஸ்பீக்கரில் பாட்டு வறண்டு கிடக்கும்.

கே: இதையெல்லாம் கேட்டுப் பழக தினமும் எவ்வளவு நேரம் போடலாம்?

ப: பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூட்டும்போதும் நேரம் பாதியாகும்: 83இல் 20 மணி, 86இல் 10 மணி. காதுக்குள் ‘ஙொய்’ என்று கேட்டால் உடனே கழற்றி வைத்துவிடுங்கள், மிக்ஸ் நாளைக்கும் இருக்கும்.