மயிர், குவியல், பாய், மழை

1802 டிசம்பர், லண்டன். அஸ்கீசியன் சங்கம் என்று ஓர் அறிவியல் அரட்டை மடம். உறுப்பினர்கள் முறை வைத்துக் கட்டுரை வாசிக்க வேண்டும். டிமிக்கி கொடுத்தால் அபராதம். அன்றைக்கு மாட்டியவர் லூக் ஹோவார்ட். வயது 30, மருந்து தயாரிப்பு தொழில். எளிமையை வலியுறுத்தும் க்வேக்கர் கிறிஸ்தவர் வேறு. தண்டம் அழ மனசு வருமா? மேகங்களைப் பற்றி எழுதிக்கொண்டு வந்துவிட்டார்.

அதுவரை புல் பூண்டு, புழு பூச்சி எல்லாவற்றுக்கும் லத்தீனில் பெயர் சூட்டி முடித்திருந்த ஐரோப்பா, மேகத்தை மட்டும் அது பாட்டுக்குப் போகட்டும் என்று விட்டிருந்தது. நிமிஷத்துக்கு ஒரு வேஷம் போடுவதற்கு யார் பெயர் வைப்பது? ஹோவார்ட் வைத்தார். சீப்பில் சிக்கிய நரைமுடி போல உயரத்தில் இழுபடுவது சிர்ரஸ். அடி தட்டையாக, தலை பொங்கி நிற்பது க்யூமுலஸ். போர்த்திப் படுப்பது ஸ்ட்ரேட்டஸ். கொட்டுவது நிம்பஸ். லத்தீனை உரித்தால் உள்ளே இருப்பது மயிர்ச்சுருள், குவியல், விரிப்பு, மழை, அவ்வளவுதான். எந்தக் கிழவியும் திண்ணையில் உட்கார்ந்தே சொல்லியிருப்பாள். நம் பாடநூல்காரர்கள் நாகரிகமானவர்கள். முதலாவதைக் ‘கீற்று மேகம்’ ஆக்கி வகுப்பின் மானத்தைக் காப்பாற்றினார்கள்.

ஆனால் ஹோவார்ட் கெட்டிக்காரர். குவியல் பரந்து விரிப்பானால் என்ன செய்வது? இரண்டு பெயரையும் ஒட்டிவிடு! சிர்ரோ-ஸ்ட்ரேட்டஸ், க்யூமுலோ-ஸ்ட்ரேட்டஸ். வேஷம் கலைவதற்கும் பெயர் கிடைத்துவிட்டது.

பாவம், பாரிஸில் இயற்கையியலாளர் லமார்க். அதே 1802இல் அவரும் மேகங்களுக்குப் பெயர் வைத்தார்; முக்காடு, துடைப்பம் என்று சுத்தமான பிரெஞ்சில். எவரும் சீண்டவில்லை. ஆண்டுதோறும் வானிலைப் பஞ்சாங்கம் வேறு போட்டார். பிற்பாடு தம் விலங்கியல் நூலை நெப்போலியனிடம் நீட்ட, சக்கரவர்த்தி பிரித்துக்கூடப் பார்க்காமல், பஞ்சாங்கம் எழுதி மானத்தை வாங்குகிறீரே என்று காய்ச்சி எடுத்தார். இது அது இல்லை ஐயா என்று சொல்ல வாயெடுத்தவர் அழுதேவிட்டார் என்று வானியலாளர் அராகோ எழுதி வைத்திருக்கிறார்.

ஹோவார்டுக்கோ சுக்கிர திசை. ஜெர்மானிய மகாகவி கோத்தே, மேகத்துக்கு மேகம் அவரைப் பாட்டில் புகழ்ந்தார். வாழ்க்கைக் குறிப்பும் கேட்டனுப்பினார். யாரோ கேலி செய்கிறார்கள் என்றே மருந்துக்காரர் முதலில் நினைத்தார். நிஜம்தான் என்று தெரிந்ததும் உட்கார்ந்து எழுதினார். நாலு லத்தீன் சொல்லால் பெயர் வாங்கிய மனிதர் அதில் வைத்த புகார்: பள்ளிக்கூடத்தில் லத்தீன் இலக்கணத்தை அளவுக்கு மீறிப் புகட்டிவிட்டார்கள், வேறு எதையும் சரியாகச் சொல்லித் தரவில்லை.