நாலு மீட்டருக்குள் ஒரு கார்

மொபெட் ஓட்டியவர்களுக்கு நினைவிருக்கும்: நடுவழியில் பெட்ரோல் தீர்ந்தால் வண்டியை ஒருபக்கமாகச் சாய்த்து, டேங்கில் வாயை வைத்து ஊதினால் அடியில் கிடக்கும் சொட்டு கார்புரேட்டருக்கு இறங்கி, பங்க் வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். எண்பதுகளில் எங்களுக்கெல்லாம் சிக்கனத்தைச் சொல்லிக்கொடுக்க வரிச்சலுகை தேவைப்படவில்லை, மாதச் சம்பளமே போதுமாக இருந்தது. இறக்கம் கண்டால் எஞ்சினை அணைத்துவிட்டு, சட்டை படபடக்க, ஏதோ அரபு நாடுகளையே தோற்கடித்துவிட்ட மிதப்பில் உருண்டுபோன அந்த ஒல்லிப் பையனை நினைத்தால் இப்போது சிரிப்புதான் வருகிறது.

அதே காலத்தில் மாமாவின் அம்பாசடர், முன்னால் மூன்று பேர், பின்னால் ஐந்து பேர், மடிகளில் குழந்தைகள், டிக்கியில் சீர்ப் பாத்திரங்களும் முறுக்கு டின்னும் என்று, மூடாத டிக்கியைச் சணல் கயிற்றால் கட்டிக்கொண்டு கல்யாணங்களுக்குப் போய்வந்தது. லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்று அவரிடம் கேட்பது, சம்பளம் எவ்வளவு என்று கேட்பது மாதிரி, யாரும் கேட்கமாட்டார்கள்.

பிறகு 2006 பட்ஜெட் வந்தது. நிதியமைச்சர் ப. சிதம்பரம் சிறிய கார்களுக்கான உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். பெட்ரோல் என்றால் 1200 சிசி, டீசல் என்றால் 1500 சிசி, நீளம் 4 மீட்டரைத் தாண்டக் கூடாது. எண்ணெய் குடிக்காத வண்டிகள் பெருகட்டும் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் எவ்வளவு குடிக்கிறது என்று பார்க்காமல் டேப்பைப் பிடித்து அளந்தார்கள். கம்பெனிகளும் டேப்பை எடுத்தன. 4,160 மில்லிமீட்டர் இருந்த ஸ்விஃப்ட் டிசையர், 2012இல் 3,995 ஆகக் குறுகி வந்தது. போனது டிக்கி.

2015இல் ஹைபிரிட் கார்களுக்கு மானியம் கொடுத்த அதே அரசாங்கம், 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது பெரிய ஹைபிரிட்களுக்கு 28 சதவீத வரியோடு 15 சதவீத செஸ்ஸையும் சேர்த்து வசூலித்தது. மின்சார வண்டிக்கு மட்டும் 2019 ஆகஸ்டில் 12 சதவீதம் 5 ஆனது. பேரனின் ஸ்கூட்டர் அந்த ஐந்து சதவீதத்தில் வந்ததுதான். சத்தமில்லை, புகையில்லை, சார்ஜ் தீர்ந்தால் ஊதிப்பார்க்க ஓட்டையுமில்லை.

கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வரியில் எவ்வளவு மிச்சம் என்பதை ஷோரூமிலேயே சொல்லிவிடுவார்கள். ஊருக்குப் போகும்போது எந்தப் பெட்டியை வீட்டில் விட்டுவிட்டுப் போவது என்பதை, டிக்கியைத் திறந்து நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.