எருமையும் எதுகையும்

அமெரிக்கர்களுக்கு எதற்கெடுத்தாலும் ஒரு மாதம் வேண்டும். நவம்பர் வந்தால் முப்பதே நாளில் ஐம்பதாயிரம் சொற்களில் ஒரு நாவலை எழுதித் தள்ளுவார்கள். 1999-இல் சில நண்பர்கள் விளையாட்டாகத் தொடங்கியது, பிறகு உலகம் முழுக்கத் தொற்றிக்கொண்டது. நாவல் அளவுக்குத் தெம்பில்லாத குழந்தை எழுத்தாளர்கள், 2009-இல் நாளுக்கு ஒன்றாக முப்பது படக்கதை யோசனைகளைக் குறித்துவைக்கும் மாதம் ஒன்றை ஏற்படுத்திக்கொண்டார்கள். ஏப்ரல் அங்கே 1996 முதல் கவிதை மாதம். அந்த வீட்டில் ஒரு அறை காலியாகத்தானே இருக்கிறது என்று, ஏஞ்சி கார்ச்சர் என்ற குழந்தை எழுத்தாளர் 2014-இல் இன்னொன்றைக் குடிவைத்தார்: சந்தத்தோடு படப்புத்தகம் எழுதுகிறவர்களுக்கான மாதம். தினம் ஒரு பாடம், தினம் கொஞ்சம் எழுத்து, எழுதியே தீருவேன் என்று தொடக்கத்திலேயே ஓர் உறுதிமொழி. பெயரைச் சுருக்கி 'ரைபிபோமோ' என்று வைத்தார்கள். முதலில் காதில் விழுந்தபோது ஏதோ மாத்திரையின் பெயர் என்று நினைத்து, எதற்கும் சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று கேட்டுவைத்தேன்.

சொன்னவள் நியூ ஜெர்சியில் இருக்கிற என் அக்கா மகள். இரண்டு பிள்ளைகள். தூங்கவைக்க ராத்திரிக்கு ஒரு புத்தகம் படித்தாக வேண்டும், அதுவும் சந்தத்தோடு இருந்தால்தான் கண் சொக்கும். அவளே எழுதக் கிளம்பிவிட்டாள்; துணைக்கு ஆள் தேடியபோது நான் அகப்பட்டேன்.

"மாமா, நாங்க ஏப்ரல்ல எழுதறோம். நீங்க தமிழ்ல எழுதுங்க. ரிட்டயர் ஆயிட்டு சும்மாதானே இருக்கீங்க?"

வேலையில் இருந்த காலமெல்லாம் நான் எழுதியது தணிக்கைக் குறிப்பு. 'மேற்படி வவுச்சரில் கையொப்பம் காணப்படவில்லை' என்பதைத் தாளத்தில் அடக்க வேண்டிய அவசியம் எனக்கு ஒருநாளும் ஏற்பட்டதில்லை. இருந்தாலும் தமிழன் இல்லையா? சந்தத்துக்கு நம்மிடம் என்ன பஞ்சம்? சம்மதித்தேன்.

உண்மையில் பஞ்சம் அவர்களுக்குத்தான். 'ஆரஞ்சு' என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் சரியான இயைபே, அதாவது கடைசி ஓசை ஒத்துவரும் சொல்லே, கிடையாது என்று பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். அதைவிட வேடிக்கை, மாதத்தைக் குறிக்கிற 'மன்த்' என்ற சொல்லுக்கும் கிடையாது. இயைபுக்கென்று ஒரு மாதத்தை ஒதுக்கினார்கள். அந்த மாதத்துக்கே இயைபு இல்லை. நமக்கோ மாதம் என்றதும் பாதம், சாதம், வேதம், வாதம், சேதம் என்று வாசலில் வரிசை கட்டி நிற்கும்.

இங்கிலாந்தின் ஜூலியா டொனால்ட்சன் கதை தெரிந்திருக்கும். புலி வருகிற சீனத்துப் பழங்கதை ஒன்றை எலியை வைத்துப் பாட்டாக எழுத உட்கார்ந்தார். 'டைகர்' என்ற சொல்லுக்கு இயைபு தேடித் தேடி அலுத்துப்போய், கடைசியில் புலியையே விரட்டிவிட்டார். அந்த இடத்தில், முன்பாதி உறுமலாகவும் பின்பாதி முந்தைய அடிக்கு வாகாகவும் ஒரு பெயரைக் கட்டி, உலகத்திலேயே இல்லாத ஒரு மிருகத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார். 1999-இல் வெளிவந்த 'கிரஃபலோ' அப்படிப் பிறந்ததுதான். அந்த அம்மாள் திருச்சியில் பிறந்திருந்தால் இந்தச் சங்கடமே இல்லை. புலி, எலி, கிலி, வலி, பலி. கதையே முடிந்துவிட்டது, பாருங்கள். கிரஃபலோ மட்டும் பிறந்திருக்காது.

இந்த மிதப்பில்தான் முதல் நாள் காலை காப்பியோடு உட்கார்ந்தேன். காப்பி ஆறுவதற்குள் ஒரு நரி வந்தது, பார்த்தது, நின்றது, தின்றது, சென்றது. எல்லா அடியும் கச்சிதமாக முடிந்தன. இன்னும் இருபது அடி எழுதினாலும் முடியும் என்று தெரிந்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. தமிழில் வினைச்சொல் கடைசியில் வந்து உட்காரும், உட்கார்ந்தாலே இயைபு. இங்கிலீஷ்காரர் நெற்றி வியர்வை சிந்திச் சம்பாதிப்பது நமக்கு ரேஷன் கடையில் இலவசமாகக் கிடைக்கிறது. இலவசமாகக் கிடைத்ததைக் குழந்தையும் மதிக்காது. மின்சாரம் தடைபட்டது, மோட்டார் நின்றது, தண்ணீர் தீர்ந்தது என்று எங்கள் குடியிருப்பின் செயலாளர் ஒட்டுகிற அறிவிப்புக்கூட அந்தக் கணக்கில் பாட்டுதான்.

தமிழ்ப் பாட்டின் உயிர் வாலில் இல்லை, தலையில் இருக்கிறது. அடியின் முதல் எழுத்து ஒத்துவந்தால் மோனை, இரண்டாம் எழுத்து ஒத்துவந்தால் எதுகை. பள்ளியில் படித்ததுதான். எங்கள் எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். வீட்டில் யாப்பருங்கலக்காரிகை எப்போதும் மேசைமேல் இருக்கும். அவரிடம் போனேன்.

அப்போது என் கையில் இருந்தது எருமைக் கதை. எருமை எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். காவிரிக் கரையில் மூக்கு மட்டும் தெரியத் தண்ணீரில் கிடக்குமே, அந்த நிம்மதி எந்த அதிகாரிக்கும் வாய்த்ததில்லை. எருமையைச் சொன்னால் அடுத்து மனசில் வருவது பொறுமை. அப்படியே எழுதிக்கொண்டு போயிருந்தேன். ஆசிரியர் ஐயா மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"எருமைக்கு இடையின ரு. பொறுமைக்கு வல்லின று. சேராது."

"காதுக்கு ஒன்றாகத்தானே கேட்கிறது ஐயா?"

"காது கேட்கும். காரிகை கேட்காது."

ஆக, எருமைக்குப் பெருமை உண்டு, அருமை உண்டு, கருமையும் உண்டு. அதன் பிறவிக் குணமான பொறுமை மட்டும் இலக்கணப்படி இல்லை. பல்லியின் கதியும் இதுதான். ஊரில் உள்ள பள்ளிக்கூடச் சுவரெல்லாம் அதன் குடித்தனம். ஆனாலும் அதைப் பள்ளியில் சேர்க்க முடியாது. ல் வேறு, ள் வேறு. அல்லி, மல்லி, வில்லி என்று பூவும் சினிமாவுமாகத்தான் அது காலம் தள்ள வேண்டும்.

இன்னொன்றையும் ஐயா சொல்லிக்கொடுத்தார். எதுகையில் இரண்டாம் எழுத்து ஒத்தால் போதாது, முதல் எழுத்தின் அளவும் ஒக்க வேண்டும்: குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். பட்டுக்குப் பாட்டு ஆகாது, சட்டு ஆகும், மட்டு ஆகும். மோனை மட்டும் கொஞ்சம் தாராளம். ச-வுக்கு த உறவு, ஞ-வுக்கு ந உறவு, ம-வுக்கு வ உறவு. அதனால் இலக்கணத்தில் மாமாவும் வாத்தியாரும் சொந்தக்காரர்கள். வீட்டில் வாத்தியார் வேலை பார்த்தவள் அக்கா மகள்.

தொலைபேசியில் அவள் நடத்திய முதல் பாடம் பக்கக் கணக்கு. அங்கே படப்புத்தகம் என்றால் பெரும்பாலும் 32 பக்கம். பெரிய தாளை மடித்து வெட்டினால் எட்டின் மடங்காகத்தான் பக்கம் விழும் என்பதால் அப்படி. அதில் தலைப்பு, உரிமைக் குறிப்பு, சமர்ப்பணம் எல்லாம் போக, கதைக்கு மிஞ்சுவது பதின்மூன்று பதினான்கு இரட்டைப் பக்கம். தணிக்கைக்காரனுக்கு இது மட்டும் சட்டென்று புரிந்தது. நிர்வாகச் செலவு போக மிச்சம்.

இரண்டாவது பாடம்தான் கசந்தது. அப்போது நான் எழுதிவைத்திருந்தது இது:

எருமை ஒன்று ஆட்டோ பிடித்தது
பெருமை யாகச் சாய்ந்து கொண்டது
மீட்டர் போடச் சொல்லிப் பார்த்தது
ரோட்டில் இறக்கி விட்டுச் சென்றது

எருமை, பெருமை, மீட்டர், ரோட்டில். குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். ஐயாவே தலையசைத்துவிட்டார். ஆனால் அமெரிக்காவிலிருந்து பதில் வேறு மாதிரி வந்தது.

"மாமா, சாய்ஞ்சிட்டிருக்கறது படத்துல தெரியுமே. தெரியறதை ஏன் எழுதறீங்க? இப்ப ரெண்டாவது வரி வேலையில்லாம உட்கார்ந்திருக்கு."

பெருமைக்காகத்தானம்மா அந்த வரியே என்று சொல்ல வாயெடுத்து விழுங்கினேன். எழுத்து சொல்லாததைப் படம் சொல்ல வேண்டும், படம் சொன்னதை எழுத்து திரும்பச் சொல்லக் கூடாது. அதுமட்டும் அல்ல, அங்கே ஓவியரைப் பெரும்பாலும் பதிப்பகமே தேர்ந்தெடுக்கும், எழுதியவரும் வரைகிறவரும் பல நேரம் முகம் பார்த்துக்கொள்வதே இல்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் தாலி கட்டும்போதுதான் பார்த்துக்கொண்ட நம் பழைய கல்யாணங்களை நினைத்துக்கொண்டேன். அவை நன்றாகத்தான் நடந்தன என்று எங்கள் அம்மா சொல்வார். அப்பாவை யாரும் கேட்டதில்லை.

மூன்றாவது பாடம், எழுதியவன் தானே படித்துப் பார்த்து மயங்கக் கூடாது. தாளம் அவன் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். ஓட்டையெல்லாம் அதிலே மூடிக்கொள்ளும். பாட்டை முன்பின் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்ல வேண்டும். அவர் எங்கே தடுக்குகிறாரோ அங்கே பள்ளம். ஆங்கிலத்தில் இது அழுத்தத்தின் கணக்கு. அமெரிக்கக் குழந்தை எழுத்தாளர் டாக்டர் சூஸ் விரும்பிக் கையாண்ட நடையை அவள் சொல்லிக் காட்டினாள்: இரண்டு மெல்லசை, ஒரு வல்லசை, அப்படி நாலு தடவை. நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால் தகதோம் தகதோம் தகதோம் தகதோம். நம்முடையது அழுத்தத்தில் இல்லை, அசையில் இருக்கிறது. ஆனால் பள்ளம் பள்ளம்தான்.

என் மனைவியிடம் கொடுத்தேன். அடுப்பில் குக்கர். மின்கட்டண அட்டையைப் படிக்கிற குரலில் படித்தாள். 'மீட்டர் போடச் சொல்லி' என்ற இடத்தில் விசில் வந்தது, அணைத்துவிட்டுத் திரும்பி வந்து, "எந்த மீட்டர்? நம்ம மீட்டரா?" என்றாள். தாளத்தை விட்டுவிடுங்கள், கதையே வேறு துறைக்கு மாற்றலாகிவிட்டது.

டாக்டர் சூஸ் என்றதும் இன்னொன்று. அவருடைய பதிப்பாளர் பென்னட் செர்ஃப், ஐம்பதே சொற்களை வைத்து ஒரு புத்தகம் எழுத முடியாது என்று ஐம்பது டாலர் பந்தயம் கட்டினார். அப்படி வந்தது 1960-இல் வெளியான 'கிரீன் எக்ஸ் அண்ட் ஹாம்'. அந்த ஐம்பதில் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் ஒற்றை அசைச் சொல். நமக்கும் கை, கால், கல், பல், நாய், பேய் என்று வேண்டியமட்டும் உண்டு. வாக்கியத்தில் போட்டதும்தான் வால் முளைக்கிறது. 'பல்' பாட்டுக்குள் போனதும் 'பல்லையெல்லாம்' ஆகி, பாதி அடியை அதுவே அடைத்துக்கொள்ளும்.

இதையெல்லாம் பார்க்கப் பார்க்க அழ. வள்ளியப்பா மேல் எனக்குப் பொறாமை வந்தது. இந்தியன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே குழந்தைகளுக்கு எழுதிக் குவித்தவர். வங்கிக் கணக்கும் தணிக்கைக் கணக்கும் ஒரு ஜாதிதானே, அவருக்கு வந்தது நமக்கு ஏன் வரவில்லை? அவருடைய 'மலரும் உள்ளம்' தொகுப்பை எடுத்து மறுபடி படித்தேன். அவர் பாட்டில் எதுகை இருப்பது பாடும்போது தெரியாது. பாடி முடித்தபின் திரும்பிப் பார்த்தால்தான் தெரியும். என்னுடையதில் எதுகை மட்டும்தான் தெரிந்தது, எருமை அதன் பின்னால் மறைந்து நின்றது. நல்ல சந்தத்துக்கும் கெட்ட சந்தத்துக்கும் எனக்குத் தெரிந்த வித்தியாசம் இவ்வளவுதான். கதை கேட்டதால் சொல் வந்ததா, சொல் கேட்டதால் கதை வளைந்ததா? என் எருமை ஒரு கட்டத்தில் 'தருமி' வீட்டுக்குப் போய்ப் பாட்டு எழுதித் தரட்டுமா என்று கேட்டது. ஏன் போனது என்று எனக்கே தெரியாது. ரு போகச் சொன்னது, போனது.

மாதக் கடைசியில், வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், கீழ்வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் படித்தேன். நாலைந்து பேர். முதல் அடிக்கு ஒரு பையன் கேட்டான்:

"தாத்தா, எருமை ஆட்டோவுக்குள்ள எப்படிப் போச்சு? கொம்பு இடிக்காது?"

எதுகைக்காக இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட எனக்கு, கொம்பு நினைவுக்கே வரவில்லை. கொம்புதான் கதை! ஒரு கொம்பு இந்தப் பக்கம் வெளியே, இன்னொன்று அந்தப் பக்கம் வெளியே, ஒரு கொம்பில் போலீஸ்காரர் தொப்பி, மறு கொம்பில் வாழைத்தார். எழுத்தில் ஒரு சொல்லும் வேண்டாம், படமே பார்த்துக்கொள்ளும். மீட்டர் போட மறுத்த இடத்துக்கு எல்லாரும் சிரித்தார்கள். பெரிய பிள்ளைகள் மட்டும் அல்ல, ஆட்டோவில் போயிருக்கிற எல்லாப் பிள்ளைகளும். ரு, று வித்தியாசத்தை ஒருவரும் கேட்கவில்லை. அன்று மாலையே 'பொறுமை'யை மறுபடி உள்ளே விட்டேன். ஆசிரியர் ஐயாவிடம் காட்டவில்லை.

அக்கா மகள் தன் புத்தகத்தை முடித்துவிட்டாள். சந்தப் பாட்டென்றால் அங்கே பதிப்பாசிரியர்கள் சிலர் முகம் சுளிப்பார்களாம்: ஒன்று, வருவதில் முக்கால்வாசி நொண்டும், இரண்டு, வேறு மொழிக்குக் கொண்டுபோனால் சந்தம் வழியிலேயே இறங்கிவிடும். அதனால் அவள் முதலில் தன் பிள்ளைகளிடம் ஓட்டிப் பார்க்கிறாள். என்னுடையது இன்னும் ஒன்பதாவது இரட்டைப் பக்கத்தில், திருச்சிப் பாலக்கரைப் பக்கம் போக்குவரத்து நெரிசலில் நிற்கிறது.

ஏப்ரல் மறுபடி வரும். உங்களில் யாராவது எழுத உட்கார்ந்தால் ஒரு வேண்டுகோள். பல்லியை எடுத்துக்கொள்ளுங்கள், புலியை எடுத்துக்கொள்ளுங்கள், எலி வேண்டுமானால் இரண்டாகவே எடுத்துக்கொள்ளுங்கள். எருமைமேல் மட்டும் கை வைக்காதீர்கள். அது எனக்கு இன்னும் ஐந்து இரட்டைப் பக்கத்துக்கு வேண்டும்.